ஒன்பது பேராகப் போகக்கூடாது

என் தம்பி நை லின்னுக்குப் பெண் கேட்கக் கிளம்பிய சனிக்கிழமை காலையில், போ சான் மாமாவின் மனைவிக்கு வயிறு கடுத்துக்கொண்டது. முதல் நாள் இறாலைத் தொடாதே என்று தலையால் அடித்துக்கொண்டேன், கேட்டால்தானே. அவள் சுருண்டு படுத்துவிட்டாள். பத்துப் பேராகப் போக வேண்டியவர்கள் ஒன்பது பேராகிவிட்டோம்.

மண்டலேயில் விவரம் தெரிந்தவர்கள் யாரும் ஒன்பது பேராகச் சேர்ந்து பயணம் கிளம்ப மாட்டார்கள். வீட்டில் கஷ்டம் வந்தால் ஒன்பது தேவர்களுக்குப் பூசை வைப்போம். புத்தருடைய ஒன்பது குணங்களைத் தினமும் ஓதுவோம். ஆனால் அதே ஒன்பது வண்டியில் ஏறினால் வழியில் ஏதாவது வில்லங்கம் வரும். ஏன் என்று என்னைக் கேட்டுப் பிரயோசனமில்லை. எனக்குத் தெரியாது, ஆனால் நான் ஏற மாட்டேன். பக்கத்து வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிக்கொள்ளலாம் என்றால், எங்கள் தெருவில் இருப்பதெல்லாம் வாயாடிகள். பெண் கேட்கிற காரியத்துக்கு அவர்களை நம்பிப் போக முடியுமா?

மாமா வாசலில் கிடந்த ஒரு கல்லை எடுத்தார். இளநீர் பருமன் இருக்கும். அதைக் கழுவித் துடைத்து, என் கடையிலிருந்து ஒரு புது லுங்கித் துணியைச் சுற்றி, வேனில் ஜன்னலோர இருக்கையில் உட்கார வைத்தார். சனிக்கிழமை எங்களோடு சேர்ந்தவன் என்பதால் சனிக்கிழமை பிறந்தவர்களுக்கு உரிய எழுத்தில் டின் என்று பெயரும் வைத்தார். பெயர் வைத்துவிட்டால் அவன் ஆள்தான். திரும்பி வீடு வந்து சேரும்வரை அவனைக் கல் என்று யாரும் வாய் தவறிக்கூடச் சொல்லக்கூடாது. சொன்னால் பழையபடி ஒன்பதுதான்.

எனக்கோ வேறு கவலை. நாங்கள் போவது மலைமேல் பியின் ஊ லுவினுக்கு, தௌங் ஹான் என்கிற மனிதர் வீட்டுக்கு. காலமெல்லாம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரே அவரை ஸயா, அதாவது வாத்தியார் என்றுதான் கூப்பிடும். அவருக்கு ஒரே பெண் தெட் மோன், தாயில்லாத பிள்ளை. அவளைக் கேட்டு வந்தவர்கள் ராசியான எண், ராசியான நாள் என்று பேச்செடுத்தால் போதும், தேநீர் ஆறுவதற்குள் அனுப்பிவிடுவார் என்று கேள்வி. தம்பியோ, இவள் கிடைக்கவில்லை என்றால் எனக்கு வேறு பெண் பார்க்காதே அக்கா என்று முன்பே சொல்லிவிட்டான். அவன் சொன்னதைச் செய்கிற ஜாதி. அப்பா அம்மா போன பிறகு நான் வளர்த்த பிள்ளை, காலமெல்லாம் ஒண்டிக்கட்டையாக நிற்பதை என்னால் பார்க்க முடியாது. அதனால் அங்கே யாரும் எண்களைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்று எல்லோருக்கும் கட்டளை போட்டுத்தான் வண்டியில் ஏற்றினேன்.

பாதி மலை ஏறியிருப்போம், வாத்தியார் போனில் கூப்பிட்டு எத்தனை பேர் வருகிறீர்கள் என்று மாமாவைக் கேட்டார். டின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது மாமா வேறு என்ன சொல்வார்? பத்துப் பேர் என்றார். நான் அவர் தொடையைக் கிள்ளுவதற்குள் காரியம் முடிந்துவிட்டது.

போய் இறங்கியபோது நல்ல தூறல். உள்ளே பத்து நாற்காலி, பத்துக் கிண்ணம் ஷான் நூடுல்ஸ், பத்துக் கோப்பை தேநீர். வாத்தியார் ஒல்லியான மனிதர், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். எங்களை உட்கார வைத்துவிட்டு ஒரு நாற்காலி காலியாக இருப்பதைக் கவனித்தார்.

“பத்துப் பேருன்னு சொன்னீங்களே, இன்னொருத்தர் எங்க?”

மாமா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

“டின் வண்டியில இருக்காருங்க ஸயா,” என்றார் மாமா.

“ஏன், உள்ள வர மாட்டாராமா?”

“அவருக்கு நடக்க வராதுங்க.”

வாத்தியார் முகம் கறுத்துவிட்டது. “நடக்க முடியாத மனுஷன வண்டியில போட்டுட்டு நீங்க மட்டும் வந்து தேத்தண்ணி குடிக்கிறீங்க. நல்ல குடும்பம்தான்.”

சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு அவரே வெளியே போனார். தம்பி பின்னாலேயே ஓடினான். ஓடி என்ன செய்ய? உண்மையைச் சொல்லவும் வழியில்லை, தடுக்கவும் வழியில்லை. வேன் கதவைத் திறந்து வாத்தியார் குனிந்து மரியாதையாக ஏதோ சொல்வதும், பதில் வராமல் லுங்கித் துணியை மெதுவாக விலக்குவதும் ஜன்னல் வழியாக எங்களுக்குத் தெரிந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. முந்தானை இல்லாத குறைக்கு மேல்துண்டை வாயில் அடைத்துக்கொண்டேன்.

அவர் திரும்பி வந்தார், குடை அக்குளில், டின் இரண்டு கையிலும். அவனைக் காலி நாற்காலியில் இறக்கி, ஒரு கிண்ணத்தை எதிரே நகர்த்தி வைத்தார்.

பிறகுதான் ஆரம்பித்தார். ஒன்பதைப் போல யோக்கியமான எண் உண்டா என்று மாமாவையே கேட்டார். மனதுக்கு வந்த எண் ஒன்றைச் சொல்லச் சொன்னார். மாமா பயந்துகொண்டே முந்நூற்று நாற்பத்தேழு என்றார். ஒன்பதால் பெருக்கினால் மூவாயிரத்து நூற்று இருபத்து மூன்று. மூன்று, ஒன்று, இரண்டு, மூன்று, கூட்டிப் பாருங்கள் என்றார். மாமா விரல் விட்டுக் கூட்டி ஒன்பது என்றார். வேறு எண் சொன்னார், மறுபடி ஒன்பது. எங்கே போனாலும் தன் வீட்டுக்குத் திரும்பி வருகிற எண்ணையா வண்டியில் ஏற்ற மாட்டேன் என்கிறீர்கள் என்று வாத்தியார் விளாசினார். அதுமட்டுமா, எந்த எண்ணோடும் ஒன்பதைக் கூட்டுங்கள், அதன் இலக்கங்களை ஒற்றை இலக்கம் ஆகும்வரை சேர்த்தால் பழைய மிச்சமே வரும். பதினேழில் ஒன்றும் ஏழும் எட்டு. ஒன்பதைக் கூட்டினால் இருபத்தாறு, இரண்டும் ஆறும் அதே எட்டு. அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. மாமா இந்த வேடிக்கையில் சொக்கிப்போய், எதற்கு வந்தோம் என்பதையே மறந்துவிட்டார்.

“இப்படிப்பட்ட வீட்டுக்கு என் பொண்ண எப்படி அனுப்புறது?” என்று வாத்தியார் முடித்தார்.

தம்பி தலை தொங்கிவிட்டது. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“ஸயா, வாய் பேசாத ஒருத்தனக் குளிப்பாட்டி, புதுத்துணி சுத்தி, பேர் வச்சு, ஜன்னலோரமா உக்கார வச்சுக் கூட்டிட்டு வந்திருக்கோம். அவனுக்கே இவ்வளவு பாக்கிறவங்க உங்க பொண்ணப் பட்டினியா போடப் போறோம்?”

மாமா என் கையைப் பிடித்து இழுத்தார். நான் உதறினேன். அப்போது சமையலறை வாசலில் நின்றிருந்த தெட் மோன் வாய் திறந்தாள். வந்ததிலிருந்து அவள் பேசி நான் கேட்கவில்லை.

“அப்பா, பதினேழுல ஒன்பதக் கழிச்சாலும் எட்டுதான வருது? ஒன்பது போனாலும் மிச்சம் மாறாதுன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க? நான் போனாலும் இங்க ஒண்ணும் மாறாதுப்பா.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“நீ ஒன்பது இல்லம்மா,” என்றார்.

கழற்றிய கண்ணாடியை லுங்கி நுனியில் துடைத்துக்கொண்டே இருந்தார். நூடுல்ஸ் எல்லாம் அப்படியே இருந்தது, யாரும் கை வைக்கவில்லை. அட மனுஷா, இதைச் சொல்லத் தெரியாமலா வந்தவர்களையெல்லாம் கணக்குப் போட்டு விரட்டினாய் என்று மனதுக்குள் கேட்டேன். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. பெயருக்குச் சாப்பிட்டோம். கிளம்பும் நேரத்தில் மாமா டின்னைத் தூக்கக் குனிந்தார். நான் தடுத்தேன்.

“அவன் இங்கயே இருக்கட்டும் மாமா, ஈரத்துல வந்தவன். ஸயா, இப்ப நாங்க ஒன்பது பேர். நீங்க கூட வந்தாத்தான் நாங்க வண்டி எடுக்க முடியும். இல்லேன்னா இங்கயேதான் இருக்கணும், ராத்திரிக்கும் எல்லாருக்கும் உலை வைக்கணும்.”

“எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை இல்ல,” என்றார் அவர்.

“எங்களுக்கு இருக்கே,” என்றேன்.

தெட் மோன் உள்ளே போய், இரண்டு நாளைக்கு வேண்டிய அவருடைய துணிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தாள். பக்கத்து வீட்டு அத்தை தனக்குத் துணைக்கு வந்து படுத்துக்கொள்வாள் என்றாள். அவர் பையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். மலை இறங்கும் வழியெல்லாம் ஒவ்வொரு வளைவிலும் தம்பியைத் திட்டிக்கொண்டே வந்தார். தம்பிக்கு வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பு.

எங்கள் வீட்டை ஒரு இடம் விடாமல் பார்த்தார். குழாயைத் திறந்தார், மாடிப்படியை ஆட்டினார், கதவுத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார். மாடியில் தம்பிக்கென்று வைத்திருந்த அறையின் நடுவில் வெகுநேரம் நின்றார். பிறகு அடுத்த சின்ன அறையை எட்டிப் பார்த்தார். கூரை வரைக்கும் என் கடை லுங்கிக் கட்டுகள் அடுக்கியிருந்தன.

“இந்தத் துணியெல்லாம் வேற எங்கயாச்சும் வைக்க முடியுமாம்மா?” என்று கேட்டார். “எனக்கு ஒரு கட்டில் போடற அளவு இடம் போதும்.”

அன்று சாயங்காலமே மொத்தக் கட்டுகளையும் நானே சுமந்து கீழே இறக்கினேன்.