'போட்டாச்சு' என்று யாரும் சொல்லாத காலை

மலேசியாவிலேயே அதிகம் மழை பெய்யும் தைப்பிங்கில் ஒருநாள் காலையில் மழை பெய்யவில்லை. அது பாதி அதிசயம். தேவேந்திரனும் அவன் மனைவி புஷ்பவள்ளியும் பேசிக்கொள்ளவில்லை. அது மீதி அதிசயம்.

கார்க் கண்ணாடிக்குக் கறுப்பு பிலிம் ஒட்டும் கடை அவர்களுடையது. சண்டைக்குக் காரணம் முந்தின நாள் மீன் கறி. "புளித்தண்ணிய ஷாம்பு மாதிரி மூடியில அளந்தா ஊத்துன?" என்று அவன் கேட்டிருக்கிறான். அவள் சொன்ன பதிலை அச்சில் ஏற்ற முடியாது. கறிச்சட்டி பறந்துபோய் மார்க்கெட் கூரையில் இறங்கியது என்று நான் சொல்வேன். நம்புவது உங்கள் பாடு.

ரயில்வேயில் ஓய்வு பெற்றதிலிருந்து அந்தக் கடையின் சிவப்பு நாற்காலிதான் என் அலுவலகம். அன்று எனக்குத் தூதர் உத்தியோகமும் கிடைத்தது.

"அங்கிள், பிளேடு எங்கன்னு அந்தாள்கிட்ட கேளுங்க."

"கண்ணு இருந்தா மேசையிலயே தெரியும்னு சொல்லுங்க அங்கிள்."

"மகாராணி, தங்கள் தாமரைக் கண்களைச் சற்றே மேசைப் பக்கம்…" என்று ஆரம்பித்தேன்.

"அங்கிள்! நாங்க சொல்லச் சொன்னத மட்டும் சொல்லுங்க. ஒரு வார்த்தை கூடக் கூடாது!" என்றாள் புஷ்பா. தேவேந்திரனும் வேகமாகத் தலையாட்டினான். அன்று இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. நீங்கள் அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். என் தரப்பு நியாயமே அதுதான்.

அப்போது டீச்சர் ரொக்கியாவின் வெள்ளை கார் உள்ளே வந்தது. தலைமையாசிரியையாக இருந்தவர். அவர் பார்த்தால் சுவரில் போகும் பல்லி வரிசையில் நிற்கும். மலாய்க்காரர்தான், ஆனால் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பக்கத்திலேயே வளர்ந்ததால் நம்மைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். கடை இருக்கும் கட்டடமும் அவருடையதுதான். வாடகை ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது.

"பின் கண்ணாடிக்குப் பிலிம் ஒட்டு தேவா. ஒரே ஒரு குமிழி பார்த்தேன்னா, இந்தக் கடைய அந்த பபுள் டீக்காரனுக்குக் குடுத்துருவேன். அவன் தெனமும் வந்து கெஞ்சுறான்லா."

புஷ்பாவின் முகம் வெளுத்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உடனே ஞாபகம் வந்து திரும்பிக்கொண்டார்கள்.

பிலிம் ஒட்டுவதில் பாதி வித்தை தண்ணீரில் இருக்கிறது. தெளிப்பான் நிறையச் சுத்தமான தண்ணீர், அதில் ஒரு மூடி குழந்தை ஷாம்பு. ஷாம்பு குறைந்தால் பிலிம் கண்ணாடியைப் பார்த்ததும் கட்டிப்பிடித்துக்கொள்ளும், நகர்த்த முடியாது. கூடினால் எங்கேயும் நிற்காமல் ஓடும். அதனால் அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு: ஷாம்பு ஊற்றியவர் தெருவே கேட்கும்படி "போட்டாச்சு!" என்று கத்த வேண்டும். பக்கத்து மெக்கானிக் அதைக் கேட்டுத்தான் காலை டீ குடிக்கப் போவார்.

தேவேந்திரன் தண்ணீர் பிடித்தான். ஒரு மூடி ஊற்றினான். கத்த வாயைத் திறந்தான். கத்தினால் பேசியதாக ஆகிவிடுமே? வாயை மூடிக்கொண்டு பிலிம் வெட்டப் போனான்.

புஷ்பா வந்தாள். சத்தம் எதுவும் வரவில்லை. ஆகவே ஷாம்பு போடவில்லை. ஒரு மூடி ஊற்றினாள். அவளும் வாயைத் திறந்து மூடிக்கொண்டு கண்ணாடி துடைக்கப் போனாள்.

நான் செய்தித்தாளுக்கு மேலே இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்கலாமே என்பீர்கள். யார் சொல்லச் சொன்னார்கள்?

இதற்குள் இன்னொரு கையும் ஷாம்பு புட்டியைத் தேடிப் போனது. அந்தக் கையில் பச்சைக்கல் மோதிரம் மின்னியது. எனக்கு வந்த சிரிப்பில் விளையாட்டுப் பக்கம் இரண்டாகக் கிழிந்தது.

பிறகு பிலிமைக் கண்ணாடியில் வைத்தார்கள். வைத்த பிலிம் நிற்கவில்லை. இடப்பக்கம் அழுத்தினால் வலப்பக்கம் ஓடியது. மேலே தள்ளினால் சேற்றில் சறுக்கும் எருமைபோல இறங்கியது. ரப்பர் கட்டையால் தேய்க்கத் தேய்க்க நுரை பொங்கியது. காரின் பின்பக்கம் மேகத்துக்குள் போய்விட்டது, அதற்குள்ளிருந்து தேவேந்திரனின் முழங்கை மட்டும் தெரிந்தது என்று நான் சத்தியம் செய்வேன்.

"புஷ்பா! அந்த மூலையப் பிடி!"

"பிடிச்சுட்டுத்தான் இருக்கேன், அது என்னைய இழுத்துட்டுப் போவுது! எத்தன மூடிங்க ஊத்துனீங்க?"

"ஒண்ணுதான்!"

"நானும் ஒண்ணு ஊத்துனேனே!"

"ஏன்டி கத்தல?"

"நீங்க ஏன் கத்தல?"

என் தூதர் வேலை அந்த நிமிடமே போய்விட்டது.

புஷ்பா நுரையை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தாள். "இது ரெண்டு மூடி வழுக்கல் இல்லீங்க. மூணு."

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் உத்தமனாக டீச்சரைப் பார்த்தேன். டீச்சர் கூரையைப் பார்த்தார்.

"டீச்சர்?" என்றான் தேவேந்திரன், பயந்துகொண்டே.

"என்ன டீச்சர்? புருஷனும் பொண்டாட்டியும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்கிறீங்க. யாரும் கத்தல. மறந்துட்டீங்கன்னு நெனைச்சேன். என் கார்லா! பாத்துக்கிட்டு சும்மா இருக்க முடியுமா?" மோதிரக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். வகுப்பில் மாட்டிய பிள்ளைகூட அப்படி மறைக்காது.

புஷ்பா சிரிக்கவில்லை. பிலிமை மெதுவாக உரித்துத் தூக்கிப் பிடித்தாள். தேவேந்திரன் பசைப் பக்கத்தையும் கண்ணாடியையும் வெறும் தண்ணீரால் நுரை போகும்வரை அலசினான். தெளிப்பானைக் கழுவி மறுபடி தண்ணீர் பிடித்தான். ஷாம்பு புட்டியை எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் ஒரு மூடி ஊற்றினாள்.

"போட்டாச்சு!"

மெக்கானிக் ஸ்பேனரைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

இந்தமுறை பிலிம் சொன்ன இடத்துக்கு நகர்ந்து, சொன்ன இடத்தில் நின்றது. டீச்சர் டார்ச் அடித்துக் கண்ணாடியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். பிரேக் விளக்குக்குப் பக்கத்தில் கடுகளவு குமிழி ஒன்று இருந்தது. நான் பார்த்தேன், புஷ்பா பார்த்தாள். டார்ச் அந்த இடத்தில் நின்றது. டீச்சரும் பார்த்தார்.

"சுத்தமா இருக்கு," என்று டார்ச்சை அணைத்தார். "நாளைக்கு வீட்டுக்கு வாங்க, ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடலாம். தெருவே பேசுற அந்த மீன் கறிய வச்சுக் கொண்டு வா புஷ்பா. புளி எப்பிடின்னு நான் சொல்றேன்."

பபுள் டீக்காரன் வேறு தெருவுக்குப் போய்விட்டான். டீச்சர் மட்டும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் காரின் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை இறக்கி, யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே கத்துகிறார்:

"நான் ஒண்ணும் போடல!"