இடது தோள்

அனுமதிக் கடிதம் நவம்பர் முப்பது வரைக்கும்தான் செல்லும். அதற்குள் துப்பாக்கி வாங்க வேண்டும். வாங்காவிட்டால் மறுபடி மனு, மறுபடி விசாரணை, மறுபடி ஆபீஸ் ஆபீஸாக நடை. கோதண்டபாணிக்கு நினைத்தாலே அலுப்பாக இருந்தது.

அவருக்கு ஐம்பத்தேழு வயது. தாமலுக்கு அடுத்த கிராமத்தில் முன்சீப். வலது கண்ணில் இரண்டு வருடமாகப் படலம். முதலில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தது. பிறகு வெயிலில் எல்லாம் பால் ஊற்றியதுபோல் ஆயிற்று. யாரிடமும் சொல்லவில்லை. இடது கண் நன்றாக இருந்தது. கையெழுத்துப் போட ஒரு கண் போதும்.

துப்பாக்கிக்குப் போதாது. போன தை மாதம் தாமல் ஏரியில் கிளுவை வாத்து சுடப் போனபோது அவருடைய இரட்டைக்குழலிலிருந்து கிளம்பிய ரவையில் பதினொன்று தேவசகாயத்தின் இடது கையில் ஏறின. தேவசகாயம் இருபது வருட சிநேகிதர். கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்பது ரவையை எடுத்தார்கள். இரண்டு உள்ளேயே தங்கிவிட்டன. அந்தக் கை இப்போது தோளுக்கு மேல் எழாது.

துப்பாக்கி தானாக வெடித்தது என்று கோதண்டபாணி எழுதிக் கொடுத்தார். முப்பது வருடம் மகஜர் எழுதிய கை. வாக்கியங்கள் தடங்கலில்லாமல் வந்தன. ஒரு மாதத்துக்கு முன் அந்த விசையைப் பழுது பார்த்தவர் பெரிய காஞ்சிபுரம் மயில்வாகனம் என்றும் அதில் எழுதினார். போலீசார் நம்பினார்கள். தேவசகாயம் நம்பினார். துப்பாக்கியை உடைத்துப் போட்டார்கள். துப்பாக்கி பழுது பார்க்கும் மயில்வாகனத்தின் லைசென்ஸ் புதுப்பிக்கப்படவில்லை.

விசையை இழுத்தது கோதண்டபாணிதான். கோரைக்குள் வெள்ளையாக ஏதோ எழுந்தது. இழுத்தார்.

இப்போது தேவசகாயம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தான் பார்க்காமல் இனி ஒரு துப்பாக்கியையும் கோதண்டபாணி வாங்கக்கூடாது என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். யுத்தத்தின்போது பர்மா எல்லை வரை போனவர். துப்பாக்கி பார்க்கத் தெரியும். கோதண்டபாணி தனியாகப் போகலாம் என்று இரண்டு தடவை புறப்பட்டார். இரண்டு தடவையும் தேவசகாயம் பஸ் நிற்கும் இடத்தில் வந்து நின்றார்.

துப்பாக்கி விற்கிற வீடு சின்ன காஞ்சிபுரத்தில் இருந்தது. வன இலாகாவில் ரேஞ்சராக இருந்த கிருஷ்ணஸ்வாமி ஐயங்கார் சித்திரையில் இறந்துபோனார். இரண்டு துப்பாக்கிகள் இருந்தன. வைத்துக்கொள்ள அவர் மனைவி அம்ருதவல்லிக்கு உரிமம் கிடையாது, விருப்பமும் கிடையாது. விற்க வேண்டும், இல்லை போலீஸில் ஒப்படைக்க வேண்டும்.

அவள் கூடத்துக்குள் வரவில்லை. நிலைப்படியில் நின்றுகொண்டு சாவியை மட்டும் நீட்டினாள். அறையைத் திறந்து அவர்களையே எடுத்துக்கொள்ளச் சொன்னாள். முப்பது வருடமாக அந்த அறையைத் தான் பெருக்கியதில்லை என்றாள்.

இரண்டும் இரட்டைக்குழல்கள். குழல்கள் பக்கம் பக்கமாக ஒட்டியவை. குழல் அளவு பன்னிரண்டு போர். ஒன்று பெல்ஜியத்தில் செய்தது. மற்றது இங்கிலாந்தில் செய்தது, கொஞ்சம் மெலிந்தது. இரண்டையும் துணியில் சுற்றி, எண்ணெய் போட்டு வைத்திருந்தார் அந்த மனிதர்.

தேவசகாயம் பாயில் உட்கார்ந்து பெல்ஜியத்தைப் பிரித்தார். வலது கையால்தான் எல்லாம். முடியாத இடத்தில் முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டார். குழல்களைத் தனியாகக் கழற்றி, ஒரு விரலில் தொங்கவிட்டு, கோதண்டபாணியைத் தட்டச் சொன்னார். கோதண்டபாணி விரல் முட்டியால் தட்டினார். மணிபோல் நீண்டு ஒலித்தது. குழல்களை ஒட்டிய பற்றாசு விட்டிருந்தால் அந்த ஒலி வராது என்றார் தேவசகாயம். பிறகு குழலை முற்றத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தார். உள்ளே ஒளி வளையம் வளையமாக இறங்க வேண்டும். வளையம் ஓரிடத்தில் நெளிந்தால் அங்கே குழல் நசுங்கியிருக்கிறது. நெளியவில்லை. கோதண்டபாணியிடம் நீட்டினார். அவர் இடது கண்ணில் வைத்துப் பார்த்தார். தேவசகாயம் அதைக் கவனித்தாரா என்று தெரியவில்லை.

அடுத்து விசைகள். குழல்களை மறுபடி மாட்டி, வெற்றுத் தோட்டா போட்டு ஒவ்வொன்றாக இழுத்தார். முன் விசைக்கு வலது குழல், பின் விசைக்கு இடது குழல். விசையைத் தாங்கும் கொக்கி நழுவுகிறதா என்று தோளில் வைக்கும் மரக்கட்டையைத் தரையில் தட்டித் தட்டிப் பார்த்தார். பத்துத் தடவையாவது தட்டியிருப்பார்.

"இது உன்ன ஏமாத்தாதுபா" என்றார்.

கோதண்டபாணி தலையாட்டினார். அவருக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

நிலைப்படியிலிருந்து அம்ருதவல்லி பேசினாள். சுட்டதை வாசல் தாண்டி உள்ளே கொண்டுவரக்கூடாது என்பது மாமியார் உத்தரவு. கணவர் சுட்டதை ஒரு நாளும் தின்றதில்லை. காவலாளிகளுக்குக் கொடுத்துவிட்டு, கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். பின் எதற்காகச் சுட வேண்டும் என்று கேட்டால் பதில் வராது.

"சொல்லப்போனா எனக்குத் தெரியும்" என்றாள். "பொறந்ததுலேருந்து அவருக்கு இடது கை. எழுத, சாப்பிட, தீர்த்தம் வாங்க, எல்லாத்துக்கும் அடிச்சு அடிச்சு வலது கைக்கு மாத்திட்டா. துப்பாக்கியை மட்டும் யாரும் மாத்தலை. இங்க வீட்ல யாருக்கும் அதைப் பத்தித் தெரியாதே."

அதனால்தான் இங்கிலாந்துத் துப்பாக்கியின் கட்டை இடது பக்கமாக வளைந்திருந்தது. இடது தோளில் வைக்கிறவருக்காகச் செதுக்கியது. இரண்டு பேர் வந்து பார்த்து வேண்டாம் என்று போய்விட்டார்களாம். பெல்ஜியம் அவருக்கு அப்பா வழியில் வந்தது, தொட்டதேயில்லை.

"அப்ப நமக்கு பெல்ஜியம்தான்" என்றார் தேவசகாயம். "எழுந்திரு. அளவு பாக்கலாம்."

கோதண்டபாணி எழுந்தார். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுவந்து, கன்னத்தைக் கட்டையில் வைத்து, பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். குழல்களுக்கு நடுவே ஓடும் பட்டையும் நுனியிலுள்ள மணியும் ஒரே கோட்டில் தெரிந்தால் அளவு சரி. அவர் அப்படியே செய்தார். கண்ணைத் திறந்தார். வலது கண்ணுக்கு எதிரே வெண்மை. பட்டை இல்லை, மணி இல்லை.

"சரியா இருக்குது" என்றார்.

"நீ சொன்னா ஆச்சா. நான் பாக்கணும்."

தேவசகாயம் குழல்களைத் திறந்து உள்ளே ஒன்றுமில்லை என்று இன்னொரு தடவை பார்த்தார். பத்தடி தள்ளிப் போய் முற்றத்தின் ஓரத்தில் நின்றார். தன் வலது கண்ணை விரலால் காட்டினார். பர்மாவில் ஒரு வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுத்த முறை என்றார். சுடுகிறவன் எதிரே நிற்பவன் கண்ணுக்கு நேராகப் பிடிக்க வேண்டும். எதிரே நிற்பவனுக்குக் குழலுக்கு மேலே சுடுகிறவனின் கண் தெரியும். கண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் ரவை போகும்.

"வேணாம்பா" என்றார் கோதண்டபாணி. "ஆள் மேல பிடிக்கறது நல்லா இல்ல."

"காலியாத்தான் இருக்குது. பிடி."

பிடித்தார். எதிரே வெயில். வெயிலில் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஏரியில் பார்த்ததுபோலவே இருந்தது. தேவசகாயத்தின் கண் இருக்கும் இடத்தைக் குத்துமதிப்பாக வைத்துக்கொண்டார். கட்டையைத் தோளில் இறுக்கினார்.

தேவசகாயம் குழலுக்கு மேலே பார்த்தார். முற்றத்து வெளிச்சம் கோதண்டபாணியின் வலது கண்ணில் நேராக விழுந்துகொண்டிருந்தது. குழல் தேவசகாயத்தின் கண்ணைப் பார்க்கவில்லை. அவருடைய இடது தோளைப் பார்த்தது.

அவர் நடந்து வந்தார். பெல்ஜியத்தை வாங்கிப் பாயில் வைத்தார். இங்கிலாந்தை எடுத்துக் கொடுத்தார்.

"இத இந்தப் பக்கம் வச்சிப் பாரு."

இடது தோளைத் தொட்டுக் காட்டினார். மறுபடி போய் அதே இடத்தில் நின்றார்.

கோதண்டபாணி இடது தோளில் வைத்தார். கன்னம் தானாகக் கட்டையில் படிந்தது. பட்டை தெரிந்தது. மணி தெரிந்தது. மணிக்கு மேலே தேவசகாயத்தின் கண் தெரிந்தது. அதில் ஈரமோ கோபமோ இல்லை. நோயாளியைப் பார்க்கிற கம்பவுண்டரின் கண்.

"சரியா இருக்குது" என்றார் தேவசகாயம்.

அம்ருதவல்லி காபி கொடுத்தாள். எதுவென்று முடிவாயிற்றா என்று கேட்டாள். இடது கைத் துப்பாக்கி இவருக்குப் பொருந்துகிறது என்று தேவசகாயம் சொன்னார். அவளுக்கு நிம்மதியாக இருந்தது. கடிதத்தோடு திங்கட்கிழமை வந்தால் கையெழுத்துப் போட்டுத் தருவதாகச் சொன்னாள்.

வெளியே வந்து இருவரும் நடந்தார்கள். ரிக்‌ஷாக்காரன் கேட்டான். வேண்டாம் என்று தேவசகாயம் கை காட்டினார். தெருமுனையில் தேவசகாயம் கேட்டார்.

"எத்தினி நாளா?"

"ரெண்டு வருசம்."

"அப்ப அன்னிக்கு?"

"வெள்ளையா எழுந்துச்சு. கொக்குன்னு நெனச்சேன்."

தேவசகாயம் நின்று தன் கறுத்த கையைக் காட்டினார். "இந்த நெறத்துல கொக்கு பாத்துக்கிறியா?"

சிரிப்பு வராத குரலில் சொன்னார். மறுபடி நடந்தார். கோதண்டபாணி ஏதாவது சொல்ல வேண்டும் என்று தேடினார். மகஜருக்கு வந்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை.

கொஞ்ச தூரம் போன பிறகு தேவசகாயம் பேசினார். குரலை உயர்த்தவில்லை.

"என் கை போனா போவுது. எனக்கு பென்ஷன் வருது. மயில்வாகனம் ஸ்டவ்வு அடைப்பு எடுத்துக்கினு குந்திக்கிறான். நான் அவன் கடை வழியா போறப்ப மூஞ்ச திருப்பிக்கினு போவேன். பத்து மாசமா. அவன் அன்னிக்கே சொன்னான், கொக்கி நழுவாது, நான் அரம் போட்டு ராவினதுன்னு. நான்தான் அவன அடிக்கப் போனேன்."

"நான் உண்மைய எழுதிக் குடுத்தா என் லைசென்ஸ் போயிடும்பா."

"போவும்."

"கேஸும் வரும்."

"வந்தா நான் சொல்லிக்கறேன். அது எனக்கும் உனக்கும்."

"இந்தத் துப்பாக்கி சரியா இருந்துச்சு. இடது கண்ணு நல்லாருக்குது. இன்னும் பத்து வருசம் சுடலாம்."

தேவசகாயம் வலது கையால் இடது கையைத் தூக்கிச் சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே செருகிக்கொண்டார். நடக்கும்போது வலித்தால் அப்படிச் செய்வார்.

பெரிய காஞ்சிபுரத்துக்குப் போகும் பஸ் வந்தது. தாமலுக்குப் போக அவர்கள் ஏற வேண்டிய பஸ் அல்ல. கோதண்டபாணி ஏறினார். தேவசகாயம் பின்னால் ஏறினார்.

மயில்வாகனத்தின் கடை ஒரு சந்தில் இருந்தது. இரண்டு பக்கமும் தறி ஓடும் வீடுகள். கடையில் பிரைமஸ் ஸ்டவ்களும் பெட்ரோமாக்ஸ் விளக்குகளும் வரிசையாக இருந்தன. முன்பு துப்பாக்கி சாத்தி வைக்கும் மரச்சட்டத்தில் இப்போது குடைகள் தொங்கின. மயில்வாகனம் நாற்பது வயது மனிதர். இவர்களைப் பார்த்தும் எழவில்லை. ஸ்டவ்வின் துளையை ஊசியால் குத்திக்கொண்டிருந்தார்.

தேவசகாயம் சந்திலேயே நின்றுகொண்டார்.

கோதண்டபாணி சொன்னார். நின்றபடியே சொன்னார். நான்கு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. மயில்வாகனம் ஊசியை வைக்கவில்லை. எல்லாம் கேட்ட பிறகு ஒரு தடவை சந்தில் நிற்கும் தேவசகாயத்தைப் பார்த்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார்.

"எழுதிக் குடுங்க."

கோதண்டபாணி ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து எழுதினார். தலையை வலது பக்கமாகத் திருப்பி இடது கண்ணுக்குத் தாளைக் கொண்டுவந்தார். இனி மறைக்க ஒன்றுமில்லை. பெயர், தகப்பனார் பெயர், ஊர், தேதி. வலது கண்ணில் பார்வை குறைவு. துப்பாக்கி தானாக வெடிக்கவில்லை. விசையை நானே இழுத்தேன். கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

மயில்வாகனம் மெதுவாகப் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"எந்த விசை?"

"ரெண்டாவது."

"வெறும் விசைன்னு எழுதினா ஒத்துக்க மாட்டாங்க. நான் ராவினது பின் விசை. பின் விசைன்னு எழுதுங்க. கொக்கி சரியா இருந்துச்சின்னும் எழுதுங்க."

இன்னொரு தாள் கிழித்தார். கோதண்டபாணி மறுபடி முதலிலிருந்து எழுதினார். பெயர், தகப்பனார் பெயர், ஊர். பின் விசை. கொக்கி சரியாக இருந்தது. தேவசகாயம் உள்ளே வந்து, சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். இடது கை செருகியபடியே இருந்ததால் தாள் நகர்ந்தது. மயில்வாகனம் தாளை ஒரு விரலால் பிடித்துக்கொண்டார்.

படித்து, மடித்து, அரம் வைக்கும் பெட்டிக்குள் வைத்தார். பிறகு ஸ்டவ்வை எடுத்துக்கொண்டார். உட்காரச் சொல்லவுமில்லை, போகச் சொல்லவுமில்லை. இருவரும் கிளம்பினார்கள்.

பஸ் நிலையத்தில் கூட்டம். தாமல் ஏரிக்குத் தண்ணீர் வந்துவிட்டது என்று இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். கோதண்டபாணி சட்டைப் பையில் இருந்த அனுமதிக் கடிதத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"அந்தம்மா திங்கக்கெழம பாத்துக்கினு இருக்கும்" என்றார்.

"நீ போய்ச் சொல்லு."

"இன்னான்னு சொல்றது?"

தேவசகாயம் யோசித்தார். "போலீஸ்ல குடுத்துடச் சொல்லு. அந்தக் கட்டைக்கு வேற ஆளு வராது."

பஸ் வந்தது. ஒரே ஒரு இடம் இருந்தது. தேவசகாயம் உட்கார்ந்தார். கோதண்டபாணி அவர் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர் வரை நின்றே வந்தார்.