ராமென் கடையின் தூதுவர்

1.

வாசகரே, முதலில் உண்மையைச் சொல்லிவிடலாம். இந்தக் கதை எந்த உள்ளொளியிலும் பிறக்கவில்லை. ஒரே ஒரு செய்தியை வாயைத் திறந்து சொல்லத் துணிவில்லாத ஒருவர், அதற்குப் பதிலாகப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்ததால் பிறந்தது.

அவரை எழுத்தாளர் என்று அழைப்போம். வேறு யாரும் அப்படி அழைக்கப்போவதில்லை. இதுவரை இரண்டு புத்தகங்கள் போட்டிருக்கிறார். இரண்டும் அவருடைய கட்டிலுக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன. பகலில் மனைவியின் கடையில் கிண்ணம் கழுவுகிறார்.

பன்னிரண்டு நாற்காலி போட்ட சின்னக் கடை. மனைவி அடுப்படியில் ராமென் செய்கிறாள்: விடியற்காலையிலிருந்து கோழி எலும்பு கொதித்த சாறு, அதில் நூடுல்ஸ், மேலே சோயாவில் ஊறிய பாதி முட்டை. எழுத்தாளரின் தங்கை வாசல் பக்கம் நின்று ஐஸ் சீவுகிறாள்: கிண்ணம் நிறையப் பஞ்சு போல ஐஸ், அதன்மேல் பழப்பாகும் கெட்டிப் பாலும். உள்ளே நாக்கைச் சுட்டுக்கொண்டவர்கள் நேராக அவளிடம்தான் போவார்கள்.

2.

தொடக்கம் என்று மூன்று எழுதிப் பார்த்தார்.

[ஆவி எழுந்தது. அந்த ஆவிக்குள் அவளுடைய முகம்—]

ஆவிக்குள் ஒரு முகமும் தெரியாது. கண்ணாடி போட்ட யாரையாவது கேட்டுப் பாருங்கள்.

[ஜப்பானில், பனி பெய்த ஒரு மாலையில்—]

ஜப்பானுக்கு அவர் போனதில்லை. மனைவியும் போனதில்லை. ஒரு பெரிய ஹோட்டலின் சமையலறையில் ஏழு வருஷம் நூடுல்ஸ் வேகவைத்துக் கற்றுக்கொண்டவள் அவள்.

[வாழ்க்கையும் ஒருவகையில் நூடுல்ஸ்தான்—]

மன்னித்துவிடுங்கள்.

3.

சரி, நடந்ததை நடந்தபடியே சொல்லலாம். பதினொரு நாளைக்கு முன்னால், மதியக் கூட்டம் ஓய்ந்த நேரத்தில், எழுத்தாளர் கிண்ணம் கழுவும் தொட்டியருகே தங்கை வந்து நின்றாள்.

"அண்ணா, நான் தனியா ஐஸ் கடை போடப் போறேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இடம் பாத்தாச்சு. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கையெழுத்து."

"ஏன், இங்க என்ன குறைச்சல்?"

"இங்க நான் யாரு? அண்ணி கடையில ஓரமா நிக்கிறவ. அண்ணி தங்கமானவங்கதான், இல்லைன்னு சொல்லல. ஆனா நாலு வருஷத்துல, இது உனக்கும் கடைதான்னு ஒரு வார்த்தை வந்திருக்கா?"

எழுத்தாளர் கையிலிருந்த கிண்ணத்தை மறுபடி கழுவினார். அது ஏற்கெனவே கழுவிய கிண்ணம்.

"அண்ணிகிட்ட நீயே சொல்லிடு. நான் போய் நின்னா அழுதுருவேன். நீ எழுதறவன், பக்குவமா எடுத்துச் சொல்லுவ."

"சரி" என்றார் எழுத்தாளர். அதோடு அவருடைய பக்குவம் தீர்ந்துவிட்டது.

4.

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை? இதற்கு அவர் வைத்திருக்கும் சமாதானம் ஐஸ் சம்பந்தப்பட்டது. ஐஸ்கட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்த உடனே சீவினால் பொடிப்பொடியாக உதிரும். கொஞ்ச நேரம் வெளியே வைத்து வேர்க்க விட வேண்டும். பிறகுதான் இழை இழையாக வரும். விஷயத்தையும் அப்படித்தான் வேர்க்க விட்டிருப்பதாக அவர் சொல்லிக்கொண்டார். பதினொரு நாள் வெளியே வைத்த ஐஸ் என்ன ஆகும் என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. கதைக்கு முடிவு தேடிக்கொண்டிருந்தார்.

முடிவு அ: தங்கை போய்விடுகிறாள். ஓடாத ஐஸ் மெஷின் முன்னால் மனைவி நின்று அழுகிறாள். (எழுத்தாளர் பக்கத்தில் நின்று அதைக் குறிப்பெடுக்கிறார்.)

முடிவு ஆ: தங்கையின் புதுக் கடை படுத்துவிடுகிறது. திரும்பி வருகிறாள். இதை எழுதியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு, அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டார். தங்கை கடை படுக்கட்டும் என்று நினைக்கிறவன் ஒரு அண்ணனா?

முடிவு இ: மனைவிக்கு விஷயம் தெரிந்து, அவள்*

5.

* இந்த இடத்தில் ஓர் அடிக்குறிப்பு தேவைப்படுகிறது. கதையின் உண்மையான பகுதி இதுதான். மேலே இருப்பதெல்லாம் இதைச் சொல்லாமலிருக்க அவர் அடித்த கூத்து.

இரண்டு மாதத்துக்கு முன்னால் மனைவியும் அவரிடம் ஒன்று சொல்லியிருந்தாள்.

"ஏங்க, கடையில பாதி உங்க தங்கச்சிக்குத்தான். முதல் வருஷம் என் ராமெனை யாரு சீண்டினா? அவ ஐஸுக்கு வந்தவங்கதானே அப்படியே உள்ள வந்து உக்காந்தாங்க. பத்திரத்துல அவ பேரையும் சேக்கணும். நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க. நான் சொல்ல ஆரம்பிச்சா அழுதுடுவேன்."

எழுத்தாளர் சொல்லவில்லை. மறந்துபோனார் என்றால்கூட மன்னிக்கலாம். அவர் மறக்கவில்லை. 'அவ ஐஸுக்கு வந்தவங்கதானே' என்ற வரி அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. நல்ல கதை ஒன்றுக்குக் கடைசி வரியாக வைக்கலாம் என்று குறிப்பேட்டில் எழுதி எடுத்துவைத்துக்கொண்டார். தொட்டியருகே நின்று தங்கை "ஒரு வார்த்தை வந்திருக்கா?" என்று கேட்டபோது, அந்த வார்த்தை அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது.

6.

இன்று வியாழக்கிழமை, மதியம் மூன்று மணி. ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. எழுத்தாளர் எதை எழுதினாலும் முதலில் படிப்பது அவருடைய மனைவி. "இங்க இழுக்குது", "இங்க புளுகறீங்க" என்று பென்சிலால் குறி போட்டுத் தருவாள். இதையும் அவளிடம்தான் நீட்டினார். கை ஈரத்தில் ஓரம் நனைந்துவிட்டது.

எழுத்தாளர், எழுத்தாளர் என்று எத்தனை நேரம்தான் ஒளிந்துகொள்வது? நான்தான். வாசகரே என்று கூப்பிட்டதும் உன்னைத்தான். எனக்கு மிகவும் வெட்கமாக இருக்கிறது.

முடிவை நான் எழுதமாட்டேன். எழுதினால் அதையும் அழகுபடுத்திக் கெடுத்துவிடுவேன். தங்கை வாசல் பக்கம் ஐஸ் மெஷினின் கத்தியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கிறாள். நாளைக்குக் காலையில் கையெழுத்து. உனக்கும் அவளுக்கும் நடுவில் எட்டடி தூரம்தான். பென்சிலை வைத்துவிட்டு எழுந்து போ. அழுகை வந்தால் அழு, அவளும் அழட்டும். என்னிடம் மட்டும் சொல்லி அனுப்பாதே.