கம்பிக்கு அந்தப்பக்கத்து அண்ணன்

சீயக்காயைக் கரைத்துத் தலையில் தேய்த்தபோதுதான் அம்மாவின் முடி எவ்வளவு கொட்டிப்போயிருக்கிறது என்று செவ்வந்திக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டுக் காசியம்மாள் செம்பில் தண்ணீர் மொண்டு ஊற்றினாள். மற்றப் பெண்கள் பழைய சேலை ஒன்றை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பச்சைத் தண்ணீர். வெள்ளிமலைக் குளிரில் அம்மா அப்படி ஒருநாளும் குளித்தவள் இல்லை. கொஞ்சம் சுடவைத்திருக்கலாமே என்று சொல்ல வாயெடுத்தவள், பைத்தியம் என்று நினைப்பார்கள் என்று விட்டுவிட்டாள்.

அவள் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் உதிரிபாகம் செய்கிற கொரியாக்காரர் கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. அம்மாவுக்கு நெஞ்சுச்சளி முற்றிவிட்டதென்று தம்பி வேடியப்பன் போன் செய்ததும் கிளம்பினாள். கள்ளக்குறிச்சியில் மலை பஸ்ஸைத் தவறவிட்டு, கிடைத்த ஜீப்பில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து வந்தாள். கடைசியாக அம்மா ஏதாவது சொன்னாளா என்று தம்பியிடம் கேட்டதற்கு, தண்ணி கேட்டாள், அவ்வளவுதான் என்றான்.

அவளுக்குத் தெரிய வேண்டியது வேறு. அம்மாவிடம் ஒரு பொய் சொல்லியிருந்தாள். அதை நம்பிக்கொண்டு போனாளா, சந்தேகத்தோடு போனாளா என்பதுதான் வழியெல்லாம் அவளை அரித்தது. தம்பியிடம் கேட்கக்கூடிய விஷயமா அது?

அந்தப் பொய் கொரியாக்காரர் டிவி தொடர் ஒன்றைப் பற்றியது. தமிழில் பேசவைத்தது. ஹாஸ்டல் பெண்கள் பார்த்து அழுததை இவளும் பார்த்து அழுதாள். ஊருக்கு வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மெமரி கார்டில் ஏற்றிக்கொண்டுவந்து அம்மாவின் போனில் போட்டாள். அந்தக் குக்கிராமத்தில் சிக்னல் என்பது மழைக்கு முந்தி ஒருதரம், பிந்தி ஒருதரம் வந்துபோகிற விருந்தாளி. சாயங்காலமானால் அம்மா குஞ்சம்மாளின் வீட்டில் போனைச் சொம்பில் சாய்த்துவைத்து, தெருப் பெண்கள் மொத்தமும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

கதை இதுதான். போருக்குப் பயந்து ஓடும்போது சங்கோ என்கிற அண்ணன் ஆற்றுக்கு வடக்கே நின்றுவிடுகிறான். மின்ஜா என்கிற தங்கை தெற்கே வந்துவிடுகிறாள். நாட்டை இரண்டாக்கி நடுவில் கம்பி போட்டுவிடுகிறார்கள். கடுதாசி கிடையாது, போன் கிடையாது. அங்கே அவனுக்கு முடி நரைக்கிறது, இங்கே இவளுக்கு.

மரவள்ளி பிடுங்குகிற காட்டில் இதற்காக இரண்டு கட்சி உண்டாயிற்று. வடக்கில் எல்லார்க்கும் ஒரே அளவு அரிசியாம், அதுதான் நியாயம் என்று ரங்கம்மாள் தலைமையில் ஒரு கட்சி. வாயைத் திறந்தால் பிடித்துக்கொண்டு போகிற ஊரில் அரிசி எதற்கு, தெற்குதான் சரி என்று இன்னொரு கட்சி. ஒருநாள் வாய்த்தகராறு முற்றி இரண்டு கட்சியும் தனித்தனியாக உட்கார்ந்து கூழ் குடித்தன. குஞ்சம்மாள் மட்டும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. யார் ஜெயித்தது என்று அவளிடம் கேட்டால், சண்டை முடியவே இல்லையாம், நிறுத்தித்தான் வைத்திருக்கிறார்களாம் என்பாள். ஒரே பாஷை பேசுகிறவர்களுக்கு நடுவில் கம்பி எதற்கு என்பது ஒன்றுதான் அவளுக்குப் புரியாதது.

முடிவு செவ்வந்திக்குத் தெரியும். கிழவனும் கிழவியுமான பிறகு இரண்டு சர்க்காரும் மனசு வைத்து, ஒரு மண்டபத்தில் மேஜை போட்டு அவர்களைப் பார்க்க விடுகிறார்கள். சுற்றிலும் அதிகாரிகள். நேரம் முடிந்ததும் அண்ணனை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறார்கள். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளே அவன் கை, வெளியே இவள் கை. அவ்வளவுதான், ஆயுசுக்கும். அந்தப் பகுதியைப் பார்த்த அன்று செவ்வந்தி போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். மகளைப் பிரிந்து கிடக்கிற அம்மாவுக்கு இதை எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது? அதை மட்டும் ஏற்றவில்லை. போனில் அம்மா கேட்டபோது, “சேந்துட்டாங்கம்மா” என்றுவிட்டாள்.

குளிப்பாட்டிக் கோடிச்சேலை உடுத்தி வாசலில் கிடத்தியதும் பெண்கள் கட்டிக்கொண்டு அழுதார்கள். ரங்கம்மாள்தான் ராகம் எடுத்தாள். நட்ட கிழங்கைச் சொன்னாள், வளர்த்த ஆட்டைச் சொன்னாள். பிறகு,

“ஆத்தோரம் வூடு கட்டி அண்ணந் தங்கை சேந்தாங்க,
பாத்து வந்து சொன்னவளே, பாதியில போனியே”

என்று இழுத்தாள்.

செவ்வந்திக்கு அழுகை நின்றுவிட்டது. ஆற்றோரத்தில் வீடா? அவள் அப்படிச் சொல்லவே இல்லையே.

காசியம்மாள் தன் வீட்டிலிருந்து வரக்காப்பி போட்டு எடுத்துக்கொண்டு வந்து அவளைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனாள். அந்த வீட்டைப்பற்றி செவ்வந்தி கேட்டதும் தம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.

“அவளுக்குத் தெரியும் பாப்பா.”

“இன்னா தெரியும்?”

“அந்தப் பஸ்ஸு, கண்ணாடி, எல்லாந்தான். கரியாலூர்ல பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருந்தோம். அருவி பாக்க வந்த பொண்ணு ஒண்ணு டீக்கடையில போன் பாத்துக்கினு இருந்துது. எங்க சங்கோ கதைக்கு முடிவு இருக்குதான்னு உங்கம்மா கேட்டா. அந்தப் பொண்ணு பக்கத்துல உக்கார வச்சுக் காட்டுச்சு.”

வந்த பஸ்ஸை விட்டுவிட்டார்களாம். உன் பெண் ஏன் இப்படிப் புளுகினாள் என்று காசியம்மாள் கேட்டதற்கு அம்மாவுக்குக் கோபம் வந்ததாம்.

“பெத்தவ அழுவான்னுதான் எம் பொண்ணு சொல்லியிருக்குதுன்னா. நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சா அது அங்க தனியா உக்காந்து அழும். நீயும் யாருக்கும் சொல்லாதன்னா. ஊருக்கு அவளே ஒரு வூட்ட கட்டிக் குடுத்துட்டா.”

செவ்வந்தி ஒவ்வொரு போனையும் நினைத்துப்பார்த்தாள். அதற்குப் பிறகும் சிக்னல் வாய்த்தபோதெல்லாம் அம்மா சங்கோ நன்றாக இருக்கிறானா என்று கேட்பாள். இருக்கிறான் என்று இவள் சொல்வாள். நல்லவேளை, நம்பிவிட்டாள் என்று இவள் போனை வைப்பாள். அங்கே அம்மாவும் அப்படி நினைத்துத்தான் வைத்திருக்கிறாள். ஒரே கதைக்கு ஒருத்தி போர்வைக்குள் அழுதிருக்கிறாள், ஒருத்தி டீக்கடை பெஞ்சில். சேர்ந்து அழுதிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். இனி அழ ஆள் இல்லை.

மேளம் அதிர, பாடை எழுந்தது. பெண்கள் ஊர் முடிகிற வளைவு வரைக்கும்தான். அதற்கு அப்பால் குழி வெட்டின சரிவு ஆண்களுடையது. வேடியப்பன் ஒருதரம் திரும்பிப் பார்த்தான். செவ்வந்தியின் கால் தானாக ஓரெட்டு வைத்தது. காசியம்மாள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். பாடை புதருக்குள் இறங்கி மறைந்தது. மேளம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அது நிற்கிறவரைக்கும் பெண்கள் காத்திருக்க வேண்டும். நின்றதும் ஓடையில் குளித்துவிட்டு வீடு திரும்ப வேண்டும். எல்லாரும் பாதையோரம் குந்தினார்கள். மூக்குச் சிந்தினார்கள். பிறகு ரங்கம்மாள் மெதுவாக நகர்ந்து வந்தாள்.

“பாப்பா, உங்கம்மா அந்த வூட்டப் பத்தி முழுசா சொல்லல. நாளைக்கு சொல்றேன், நாளைக்கு சொல்றேன்னே இருந்தா. நீதான் பாத்தவ. வாசல் எந்தப்பக்கம்?”

காசியம்மாள் தரையைப் பார்த்தாள். வடக்குக் கட்சியும் தெற்குக் கட்சியும் செவ்வந்தியின் முகத்தையே பார்த்தன.

“ஆத்தப் பாத்த வாசல்,” என்றாள் செவ்வந்தி. “ரெண்டு ரூம்பு. பின்னால ஒரு மாட்டுக்கொட்டா.”

“கம்பி?”

“பிடுங்கிட்டாங்க. அதுலதான் பீர்க்கங்கொடி ஏத்தி வுட்டிருக்காங்க.”

பெண்கள் தலையாட்டினார்கள். அது சரியான காரியமாகத்தான் பட்டது அவர்களுக்கு.

“அத்தினி வருசம் பிரிஞ்சு இருந்தவங்க இன்னா பேசிக்குவாங்க?”

செவ்வந்தி யோசித்தாள்.

“ஜாஸ்தி பேசறதில்ல. சாயங்காலமானா பக்கத்துல பக்கத்துல உக்காந்துக்கினு சோளம் உரிப்பாங்க. அண்ணங்காரன் மெதுவா உரிப்பான். தங்கச்சி தன்னோடத முடிச்சுட்டு அவன் முறத்துலருந்து எடுத்துக்கும்.”

கீழே மேளம் நின்றுபோயிற்று. ஓடைக்குப் போகவேண்டிய பெண்கள் ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.