முதுகு சொன்ன நாலரை வினாடி

தன் முதுகு ஒரு வினாடியைப் பத்துத் துண்டாக நறுக்கும் என்று அவர் சொல்வார். அதோடு நிறுத்திக்கொண்டாலாவது பரவாயில்லை. ஒருமுறை ஓடுகிற காரில் அசந்து தூங்கிப்போனபோது முதுகு மட்டும் விழித்திருந்து எண்ணிக்கொண்டே இருந்ததாம். கண் திறந்து பார்த்தால் முதுகும் வேகம் அளக்கும் கருவியும் ஒரே கணக்காம்.

கார் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் சோதனை ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவருக்கு 'முதுகு' என்றே பேர் நிலைத்துவிட்டது. அவர் அளப்பதைக் கேட்டு மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். மெனக்கெட்டு மறுப்பது ஒரே ஆள்தான்: அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. அதே தொழிற்சாலையில் அளவுக் கருவிகளையும் சோதனைக் கார்களின் மென்பொருளையும் பார்த்துக்கொள்ளும் என்ஜினீயர்.

"அத்தான், முதுகுல வலி வரும், வாயு பிடிக்கும். தசமப் புள்ளியெல்லாம் வராது" என்பார் மச்சான்.

இந்த வேடிக்கை, மகளின் கார் வீட்டுக்கு வந்ததும் கசந்துபோனது.

மகள் நர்ஸ். வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளைப் பார்க்கிற வேலை. கார் இல்லாவிட்டால் அந்த வேலை இல்லை. ஓட்டக் கற்று மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. சோதனைக்கு ஓட்டிக் கழித்த மின்சாரக் கார் ஒன்றை மச்சான்தான் சொல்லி வைத்து அவளுக்கு வாங்கிக் கொடுத்தார். முதலில் வீட்டு கேட்டை இடித்தாள். அடுத்து பக்கத்து வீட்டுச் சுவர். பத்தாம் நாள் சாலை முனையில் லேசாக மிதித்ததும் கார் எகிறிப் பாய்ந்து, கைத்தடியோடு கடந்துகொண்டிருந்த ஒரு பெரியவரின் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளித்தான் நின்றது.

வீட்டுக்கு வந்தவள் சாவியைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள்.

"எனக்கு இது வராதுப்பா. யாரையாவது கொன்னுடுவேன். வேலையை விட்டுடறேன்."

"போகப் போகப் பழகிடும்டி" என்றாள் அம்மா.

அப்பா சாவியை எடுத்துக்கொண்டு போய்க் காரைக் கிளப்பினார். ஆளில்லாத தெருக்கோடியில் ஒரே ஒரு மிதி. முதுகு இருக்கையைத் துளைத்துக்கொண்டு போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்தது. மீசை இரண்டு பக்கமும் காதைத் தாண்டியது. காலையில் குடித்த காபி, தான் எந்த டம்ளரிலிருந்து வந்தோம் என்பதையே மறந்தது. பின்சீட்டிலிருந்து முதுகு சொன்னது: இது எருமை இல்லை.

அந்தக் காரில் மூன்று வகை. ஆபீசில் வைத்த பேரெல்லாம் விளம்பரத்துக்கு. ஓட்டுகிறவர்களுக்கு அவை எருமை, குதிரை, பேய். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எருமைக்கு ஒன்பது வினாடி, குதிரைக்கு ஏழு, பேய்க்கு நாலரை. மோட்டார் மூன்றுக்கும் ஒன்றேதான். எவ்வளவு பாயலாம் என்பதை உள்ளே ஏற்றியிருக்கும் மென்பொருள் முடிவு செய்யும். அதனால் தொடக்கச் சோதனைகளுக்கு ஒரே எருமைக் காரை வைத்துக்கொண்டு, மென்பொருளை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்ப்பார்கள். ஆனால் கடையில் விற்கிற பேய்க்குப் பெரிய பிரேக்கும் அகலமான டயரும் உண்டு. எருமைக்குக் கிடையாது.

மகளுக்கு வந்தது அந்தச் சோதனைக் கார்தான்.

திரும்பி வரும் வழியிலேயே அவருக்கு ஒரு பழைய விஷயம் ஞாபகம் வந்தது. ஓய்வு பெற்ற நாளன்று, "கடைசியா ஒரே ஒரு சுத்து பேயில போகணும் மச்சான்" என்று குழந்தை மாதிரி அடம்பிடித்தது அவர்தான். மச்சான் முணுமுணுத்துக்கொண்டே இதே காரில் பேயை ஏற்றிக் கொடுத்தார். அவர் கூவிக்கொண்டே ஒரு சுற்று போய் வந்தார். அதன்பின் அந்தக் காரை யாரும் ஓட்டவில்லை. துணி போர்த்தி ஷெட்டில் நிறுத்திவிட்டார்கள். இறங்கி வந்ததும் பேயை இறக்கினார்களா? அவர் கேட்கவே இல்லை.

மச்சானுக்குப் போன் போட்டார்.

"திரும்ப எருமையா மாத்தியாச்சு அத்தான். படிவத்துல டிக் போட்டு, கீழ கையெழுத்தும் போட்டிருக்கேன்."

"டிக் போட்டே. மாத்தினியா?"

"ரெண்டும் ஒண்ணுதான். பாப்பாவுக்கு ஓட்ட வரலைன்னு ஒத்துக்க மனசு வரல உங்களுக்கு. அதான் முதுகு உளறுது."

"சரி, உளறுதுன்னே வெச்சுக்க. கருவியை எடுத்துட்டு வா. பொய்யின்னா இனி ஜென்மத்துக்கும் நான் முதுகைப் பத்திப் பேச மாட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியத்துக்கு ஆசைப்பட்டுத்தான் மச்சான் சம்மதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்த சோதனைத் தடத்தில் ஈ காக்கை இல்லை. மகளை வேலியோரம் நிறுத்தினார்கள். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு, தீர்ப்புக்குக் காத்திருப்பவள்போல் நின்றாள். மச்சான் டயர்களில் காற்றுப் பார்த்தார், பேட்டரி நிறைந்திருக்கிறதா என்று பார்த்தார், கருவியை முன்பக்கம் ஒட்டினார். "நீங்க ஓட்ட வேண்டாம். நான்தான் ஓட்டுவேன்" என்று உட்கார்ந்தார். முதுகு பக்கத்து இருக்கையில் சாய்ந்து, கருவியின் திரையைக் கைக்குட்டையால் மூடிவிட்டுக் கண்ணையும் மூடிக்கொண்டார்.

வாழ்நாளில் முதல் தடவையாக, தன் முதுகு தோற்றுப்போகட்டும் என்று வேண்டிக்கொண்டார்.

மச்சான் மிதித்தார். தடம் மொத்தமும் அவர்கள்மேல் பாய்ந்து வந்தது. மச்சானின் மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. "ஐயோ அத்தான்!" என்ற கூச்சல் பாதியிலேயே தொண்டைக்குத் திரும்பிப் போனது. பிரேக்கை அழுத்தியும் கார் வெள்ளைக் கோட்டில் நிற்கவில்லை. இழுத்துக்கொண்டே போய்க் கடைசி மணல் குவியலை மூக்கால் முட்டி நின்றது.

"நாலு புள்ளி ஏழு" என்றார் முதுகு, கண்ணைத் திறக்காமலே. "பேய்தான். டயர் சின்னது, சறுக்கிச்சு. இல்லேன்னா நாலரை."

மச்சான் கைக்குட்டையை எடுத்தார். திரையில் 4.7.

"கருவி சரியில்லையோ என்னவோ" என்றார் மச்சான். குரலில் சத்து இல்லை. இரண்டு திசையிலும் ஓட்டினால்தான் அளவு செல்லும் என்பது அவரே போட்ட விதி. திருப்பி ஓட்டினார். 4.8. இந்தத் தடவை கோட்டுக்கு வெகுமுன்பே பயந்துபோய்க் காலை எடுத்துவிட்டார்.

காரை வேலியோரம் கொண்டுவந்து நிறுத்தினார்கள். முதுகுக்கு இருந்திருக்க வேண்டிய குஷி எங்கேயோ போயிருந்தது. பத்து நாள், இந்தப் பேயின்மேல் மகளை உட்காரவைத்து, நீதான் சரியில்லை என்று எல்லோருமாய்ச் சேர்ந்து சொல்லியிருந்தார்கள். அந்தப் பெரியவரின் முழங்கால் ஞாபகம் வந்தது. ஒரு சாண்.

மகள் குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "சொல்லுங்க மாமா. என் தப்புதானே?"

"முதல்ல நான் சொல்லிடறேன்" என்றார் அப்பா. "கடைசி நாள்ல பேய் வேணும்னு அடம்பிடிச்சது நான்தாம்மா. அதை இறக்கினாங்களான்னு கேட்காம வந்ததும் நான்தான்."

மச்சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் போட்டுக்கொள்ளவில்லை.

"உங்கப்பா இறங்கினதும் எல்லாரும் போட்டோவுக்குக் கூப்பிட்டாங்க. வந்து மாத்திக்கலாம்னு முதல்ல டிக்கைப் போட்டுட்டேன். அப்புறம் மறந்தே போச்சு." தலை நிமிராமலே சொன்னார். "உன் மேல ஒரு தப்பும் இல்ல பாப்பா. உங்கப்பா முதுகு சொன்னதுதான் சரி. நான் மாத்தவே இல்ல."