பதினைந்தாவது சுற்று

என் தங்கை நடுச்சாலையில் மல்லாந்து படுத்துக்கொண்டு போகிறாள் என்று முதலில் வந்து சொன்னவர் எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர். விழுந்துவிட்டாளோ என்று பதறி எழுந்தேன்.

"விழல சார். ஓட்டிட்டுப் போறாங்க. சிரிச்சிட்டு வேற போறாங்க," என்றார்.

விழுந்திருந்தாலாவது நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளலாமே என்று அந்த நொடியில் எனக்குத் தோன்றியது. இதை மறைத்துப் பயனில்லை. மறைத்தவரை போதும்.

அவளுக்கு ஐம்பத்தாறு வயது. தையல்காரி. முப்பது வருடம் மெஷின் மேல் குனிந்து குனிந்து முதுகு போய்விட்டது. சாதாரண சைக்கிளில் இனி உட்காரவே கூடாது என்று டாக்டர் சொன்னார். எதிர்வீட்டு வெல்டர் அதைக் கேட்டுவிட்டு, பழைய கேட் ஒன்றின் இரும்புக் குழாய்களை வளைத்து அவளுக்கு ஒரு வண்டி செய்து கொடுத்தான். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. நடுவில் சாய்வு நாற்காலி மாதிரி ஒரு கான்வாஸ் இருக்கை, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். பெடல்கள் எல்லாவற்றுக்கும் முன்னால். ஆக, வண்டி வரும்போது முதலில் வருவது அவளுடைய இரண்டு உள்ளங்கால்கள். அப்புறம்தான் அவள்.

எங்கள் வீட்டில் பெரியவர்கள் எதிரில் யாரும் கால் நீட்டியதில்லை. அப்பா போய் இருபது வருடம் ஆகிறது. அவர் படம் மாட்டிய அறையில் நான் இன்றும் காலை மடக்கித்தான் உட்காருகிறேன். அப்படி வளர்ந்த பெண், ஊரையே பார்த்துக் காலை நீட்டிக்கொண்டு போகிறாள்.

அதோடு நிற்கவில்லை. இந்த மாதிரி வண்டிக்காரர்கள் வருடத்துக்கு ஒரு முறை ஒன்றுகூடி, சனி ஞாயிறு இரண்டு நாள் பந்தயம் விடுகிறார்களாம். ஓட்டுகிறவர் ஒவ்வொருவரும் சுற்று எண்ண ஓர் ஆளைக் கூட்டி வர வேண்டும். அவளுக்கு எண்ணுவதாக இருந்தவர் அவள் கணவர். அவருக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகி, பச்சைத் துணியைத் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டில் இருந்தார்.

"நம்ம வீட்ல கண்ணு நல்லா இருக்கிறது உங்களுக்குத்தான் அண்ணா," என்று வந்து நின்றாள். "அதுவும் நீங்க எண்ணினா யாரும் ஒரு வார்த்தை பேச மாட்டாங்க."

அவள் சொன்னது தவறில்லை. நான் எடை அளவு ஆய்வாளராக முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவன். நான் முத்திரையிட்ட தராசு தப்பாக நிறுத்தது என்று ஒருவர் சொன்னதில்லை. எப்போதும் சட்டைப் பையில் ஒரு சிறு நோட்டு இருக்கும். பார்த்ததைப் பார்த்த நேரத்தோடு எழுதிவிடுவேன். ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் விடவில்லை.

நேரில் போய்ப் பார்த்து, இந்தக் கூத்துக்கு ஒரு முடிவு கட்டிவிட்டு வரலாம் என்றுதான் சம்மதித்தேன். மருந்துக்கடைக்காரரிடம், உறவுக்காரர் ஒருவருக்கு உடம்பு சரியில்லை, பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன். வெல்டரின் வேன் எங்கள் தெருவைத் தாண்டும்வரை ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

பந்தயம் நடந்தது ஒரு கிடங்கு வளாகத்தில். வார இறுதியில் லாரிகள் வராது. கிடங்குகளைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் சாலை காலியாகக் கிடக்கும். இருபது வண்டிகள் வந்திருந்தன, பாதி இரண்டு சக்கரம், பாதி மூன்று. ஒரு பல் டாக்டர் தன் வண்டியை முழுக்க வெள்ளை ஃபைபர் ஓட்டால் மூடியிருந்தார். தலை மட்டும் வெளியே. அவரை எல்லோரும் முட்டை என்று கூப்பிட்டார்கள், அவரும் "என்னப்பா" என்று பதில் சொன்னார். படித்த மனிதர்.

"அக்கா, கட்டில் ரெடி. தலையணை வேணுமா?" என்றான் வெல்டர், செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே.

"உன் வாய அடைக்க ஒண்ணு கொண்டா," என்றாள் என் தங்கை.

சனிக்கிழமை ஒவ்வொருவராக ஒரே ஒரு சுற்று ஓட்டினார்கள். மூன்று சக்கர வண்டிகளில் என் தங்கைதான் வேகம்: இரண்டு நிமிடம் பத்தொன்பது விநாடி. அவளுக்கு அடுத்து ஒரு கணக்கு டீச்சர், மூன்று விநாடி பின்னால். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் எல்லோரும் சேர்ந்து ஓட்ட வேண்டும். அதில் யார் அதிகச் சுற்று முடிக்கிறார்களோ அவர்களுக்கு முதலிடம். சுற்றுகள் சமமானால் சனிக்கிழமை நேரத்தைப் பார்ப்பார்கள். பந்தயத்தை நடத்திய கொடிக்காரர் இதை மைக்கில் மூன்று தடவை சொன்னார்.

"அப்போ நாளைக்கு டீச்சர் கூடவே போனாப் போதும். நான்தான் முதல்," என்றாள். வியர்வையில் முகம் பளபளத்தது. "ஸ்கூல்ல வருகைப் பதிவுல கூட என் பேரு கடைசிதான். ஒரே ஒரு தடவை யாராவது என் பேரை முதல்ல படிச்சுக் கேக்கணும் அண்ணா."

"படிச்சிட்டா?"

"படிச்சிட்டா, வண்டிய வெல்டர்கிட்டயே திருப்பிக் குடுத்துடறேன். உங்க மானம் உங்களுக்கு. படிக்கலைன்னா அடுத்த வருஷமும் வருவேன்."

எனக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது. அவள் ஜெயிக்க வேண்டும் என்று அவளைவிட நான்தான் அதிகம் விரும்பினேன். நடந்ததை வேண்டுமென்றே செய்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கொடி அசைந்தது. எண்ணுகிறவர்களுக்குக் கோட்டருகே வரிசையாக நாற்காலி போட்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு தாள். தன் ஆள் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் ஒரு கோடு போட வேண்டும். நான் தாளில் கோடு போட்டேன், என் நோட்டில் நேரமும் எழுதினேன். அவள் இரண்டரை நிமிடத்துக்கு ஒரு தடவை கடிகாரம் மாதிரி வந்தாள். இருபது ஜோடி உள்ளங்கால்கள் என்னைப் பார்த்தபடி வருவதும் போவதுமாக இருந்தன. நான் தலைக்கவசங்களை மட்டும் பார்த்தேன். அவளுடையது நீலம்.

பதினான்காவது கோடு போட்டு, 7.35 என்று எழுதினேன். அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல்.

"சார்! நம்ம சாரா?"

திரும்பினால், முத்திரை. அலுவலகத்தில் எனக்குக் கீழே முத்திரைப் பெட்டி தூக்கியவன். அதனால் அந்தப் பெயர். இப்போது அந்தக் கிடங்கில் மேற்பார்வையாளனாம். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சட்டென்று நான் இன்னும் நிமிர்ந்துகொண்டேன்.

"என்ன சார் இது கொடுமை? வயசான பொம்பளைங்கல்லாம் நடுரோட்ல படுத்துட்டுப் போகுதுங்க. வீட்ல கேக்க ஆளு இல்லியா?" என்று சிரித்தான். "சார் எங்க இங்க? இதுல உங்களுக்கு யாரு?"

அவனோடு வேலை பார்த்த முப்பது வருடத்தில் நான் அவன் எதிரில் ஒரு பொய் சொன்னதில்லை.

"தெரிஞ்சவங்க," என்றேன். "எண்ணித் தரச் சொன்னாங்க."

"அதானே. நம்ம சார் வீட்ல இதெல்லாம் நடக்குமா?"

வளைவில் நீலத் தலைக்கவசம் தெரிந்தது. அன்று காலை முழுவதும் அவள் வாய் திறக்கவில்லை. அந்தச் சுற்றில்தான், டீச்சரைப் பிடித்துவிட்ட குஷியில், கைப்பிடியிலிருந்து ஒரு கையை எடுத்து ஆட்டிக்கொண்டு, "அண்ணா! அண்ணா, பாத்தீங்களா!" என்று கத்திக்கொண்டு வந்தாள்.

நான் குனிந்துவிட்டேன். ஷூ நாடாவை அவிழ்த்தேன், மறுபடி கட்டினேன். தலையைத் தூக்கவே இல்லை. சக்கரச் சத்தம் என்னைத் தாண்டிப் போய் மறைந்த பிறகும் இன்னொரு முடிச்சுப் போட்டேன்.

"உங்களையா சார் கூப்பிட்டுது?"

"எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடும்."

பிறகு அவன் பழைய கதைகள் பேசினான். அரிசி மண்டியில் தராசுக்கு அடியில் நான் காந்தம் கண்டுபிடித்த கதை, ஒரு கிராம் தப்பினாலும் நான் விடாத கதை. அடுத்த தடவை நீலம் தெரிந்தபோது கோடு போட்டேன். நேரம் எழுதினேன். 7.40.

முப்பத்தைந்துக்கும் நாற்பதுக்கும் நடுவே ஐந்து நிமிடம். அது என் கண்ணில் படாமல் இல்லை. தண்ணீர் குடிக்க எங்காவது நின்றிருப்பாள் என்று முடிவு செய்தேன். என் வேலையில் நான் ஒருநாளும் இப்படி முடிவு செய்ததில்லை. நோட்டை மூடிப் பையில் வைத்தேன். கடைசியில் கோடுகளை எண்ணி, கட்டத்தில் இருபத்து மூன்று என்று போட்டு, கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

"டீச்சருக்கு இருபத்தி நாலு," என்றார் கொடிக்காரர், தாள்களைப் பார்த்து. "தையல் அக்காவுக்கு இருபத்தி மூணு."

"எனக்கும் இருபத்தி நாலுங்க," என்றாள் அவள். வண்டியிலிருந்து ஒரு துணிப்பட்டியைப் பிய்த்து எடுத்து வந்தாள். அதில் வரிசையாகக் குண்டூசி குத்தியிருந்தது. "ஒரு சுத்துக்கு ஒரு ஊசிய உள்ள அமுக்குவேன். எண்ணிப் பாருங்க."

யாரோ சிரித்தார்கள். "ஊசிக் கணக்கா அக்கா? அதுல ஒண்ணு சேத்து அமுக்கினா யாருக்குத் தெரியும்?" என்றார் முட்டை. வேடிக்கையாகத்தான் சொன்னார்.

"டீச்சர், நீங்க என்னைத் தாண்டினீங்களா? சொல்லுங்க."

"நான் நாலஞ்சு பேரைத் தாண்டினேங்க. படுத்துட்டு ஓட்டும்போது முன்னாடி என் காலுதான் தெரியுது. யாரைத் தாண்டினேன்னு சத்தியமாத் தெரியல," என்றார் டீச்சர். பாவம், அவர் உண்மையைச் சொன்னார்.

கொடிக்காரர் என் பக்கம் திரும்பினார். "சாரே எண்ணியிருக்காரு. அளவு ஆய்வாளர். அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல? சார், உங்க கணக்கு சரிதானே?"

முத்திரை மூன்றடி தள்ளி நின்று எனக்காகப் பெருமையோடு தலையாட்டிக்கொண்டிருந்தான். நோட்டு நெஞ்சின் மேல் இருந்தது. என் தங்கை என்னையே பார்த்தாள். சந்தேகமாகப் பார்க்கவில்லை. அண்ணன் சொல்லிவிடுவான் என்று பார்த்தாள்.

"போட்டது போட்டதுதான்," என்றேன்.

அவள் துணிப்பட்டியைச் சுருட்டினாள். "அப்போ நான்தான் தப்பா அமுக்கியிருப்பேன்," என்றாள். என் கணக்கின் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. மைக்கில் டீச்சர் பெயரை முதலில் படித்தார்கள். அவள் எல்லோரையும்விடச் சத்தமாகக் கை தட்டினாள்.

கூட்டம் கலைகிற நேரத்தில் முத்திரை விடைபெற வந்தான். அவளைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தான்.

"இவங்கதானா சார் உங்களுக்குத் தெரிஞ்சவங்க? அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. சார் கணக்கு தப்பாது. நான் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன். நீங்க கைய ஆட்டிட்டு வந்தப்போ கூட சார் ஷூவைத்தான் கட்டிட்டு இருந்தாரு..."

சொல்லும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. முப்பது வருடம் என்னோடு தராசு பார்த்தவன். வாயை மூடிக்கொண்டான்.

அவள் என் ஷூவைப் பார்த்தாள். நாடாவில் மூன்று முடிச்சு இருந்தது.

"தெரிஞ்சவங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

தலையில் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். நோட்டை எடுத்தேன்.

"இவ என் கூடப் பிறந்த தங்கச்சி," என்றேன் முத்திரையிடம். என் குரல் எனக்கே கேட்கவில்லை, மறுபடி சொன்னேன். பிறகு கொடிக்காரரிடம் போனேன். பதினான்குக்கும் அடுத்ததற்கும் இடையே இருந்த ஐந்து நிமிடத்தைக் காட்டினேன். "பதினஞ்சாவது சுத்தை நான் விட்டுட்டேன். அவ நிக்கல. நான்தான் குனிஞ்சிட்டேன். அப்பவே தெரியும்."

"ஏன் சார்?" என்றார் அவர். உண்மையிலேயே விளங்காமல் கேட்டார். முத்திரை தரையைப் பார்த்தான். இந்த மனிதன் என்னைப் பற்றி இனி என்ன கதை சொல்வான் என்று அந்த நிலையிலும் எனக்கு ஓடியது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

கொடிக்காரர் தாளில் அடித்துத் திருத்தினார். மைக்கைத் தேடினார். மைக் செட் அதற்குள் வண்டியேறிப் போய்விட்டது. டீச்சர் கோப்பையைக் கொண்டு வந்து நீட்டினார்.

"எடுத்துக்குங்க அக்கா. இது உங்களோடது."

"நீங்களே வெச்சுக்குங்க டீச்சர். கப்பை வெச்சு நான் என்ன பண்றது, ஊசி போட்டு வெக்கவா? பேரைப் படிக்கிறதுதான் வேணும்னு இருந்தேன். அங்க உங்க பேரைப் படிச்சாச்சு."

வேனில் வண்டியைக் குறுக்கே ஏற்றியிருந்ததால் பின் இருக்கையில் நானும் அவளும் நெருங்கி உட்கார வேண்டியிருந்தது. முன்னால் வெல்டர் வேனை ஓட்டினான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இந்தத் தடவை திரையை மூடவில்லை. அதனால் என்ன வந்துவிடப்போகிறது என்று எனக்கே தெரிந்தது.

பாதி வழியில் அவள் "அய்யோ" என்றாள். ஒரு மணி நேரம் மிதித்த கால். ஆடுசதை இழுத்துப் பிடித்துக்கொண்டது. மடக்கி உட்கார்ந்திருந்தவள் வலி தாங்காமல் இரண்டு காலையும் நீட்டினாள். இடமில்லை. என் மடியில் வந்து விழுந்தன. வெடுக்கென்று இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"இருக்கட்டும். நீட்டு," என்றேன்.

பாதத்தைப் பிடித்து விரல்களை மேல் பக்கம் தள்ளினேன். அழுத்தித் தள்ளினேன். அவள் இன்னும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, அது வலது. வலிக்கிறது இடது. இருக்கிறதே ரெண்டு, அதையாவது பாத்து எண்ணுங்க."

அப்போதுதான் கவனித்தேன். நான் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.