வாங்க என்று சொல்லக் கூடாத ஒறம்பரை

ஈரோட்டுச் சென்னியப்பனின் சிறுநீர்ப்பையிலிருந்து எடுத்த புற்றுக்கட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, விருந்துக்கு வந்த ஒறம்பரைபோல அவர் வீட்டுக் கேட்டில் வந்து நிற்கும். வெள்ளை வேட்டி, கையில் மஞ்சள் பை. தப்பு அவர்மேல்தான். ஆபரேஷன் முடிந்து அது விடைபெற்றபோது, மயக்கம் தெளியாத வாயால், பழக்கதோஷத்தில் "போயிட்டு வாங்க" என்று சொல்லித் தொலைத்தார். மற்றவர்களானால் பேச்சுக்குச் சொன்னது என்று விட்டிருப்பார்கள். இது மரியாதை தெரிந்த கட்டி.

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை.

"கேமரா விட்டு உள்ள பாக்கறது என் வேலை. மூணு மாசத்துக்கு ஒருக்கா தவறாம வந்துருங்க. வீட்டுல யாரும் அதை 'வாங்க'ன்னு சொல்லிராதீங்க. பீடி கேட்டாலும் குடுக்காதீங்க."

அதற்குப் பதில் ஒரு காலை வெட்டிக் கொடுக்கச் சொல்லியிருக்கலாம். சாயப்பட்டறையில் முப்பது வருஷம், சண்டைக்கு வந்தவனைக்கூட "வாங்க" என்று உட்காரவைத்தவர் அவர். கட்டி கேட்டில் நிற்கும்போதெல்லாம் நாக்கு நமைக்கும். வாயை அடைக்கச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பார். பொழுது சாய்வதற்குள் அது போய்விடும். பயம் மட்டும் போகாது.

ஐந்தாவது முறை, மச்சான் வீட்டுக் காதுகுத்துக்காகப் பரிசோதனையை ஒரு வாரம் தள்ளிப்போட்டார்கள். ஊரிலிருந்து திரும்பியதும், சாவியை வாங்கி வைத்திருந்த எதிர்வீட்டு முத்தாயி வந்தாள்.

"உங்க ஒறம்பரை வந்திருந்தாருங்ணா. வெயில்ல நிக்கறாரேன்னு நான்தான் கதவத் தொறந்து 'உள்ள வாங்க'ன்னு சொல்லிப்போட்டேன்."

சென்னியப்பன் எல்லா அறையிலும் தேடினார். யாரும் இல்லை.

"வீட்டுல இல்லீன்னா உங்களுக்குள்ளதானுங்க இருக்கோணும்," என்றாள் மனைவி குருநாயகி. "கெளம்புங்க."

ஆஸ்பத்திரித் திரையில் அவர் சிறுநீர்ப்பையின் இளஞ்சிவப்புச் சுவர் தெரிந்தது. டாக்டரம்மா கேமராவை மெல்லத் திருப்பினார். மூலையில், சுருட்டிவைத்த கோரைப்பாய்.

"ஆள் வெளிய போயிருக்காப்ல. பாயை இன்னும் விரிக்கலைங்க. நல்லவேளை, படுக்கறதுக்குள்ள பாத்துட்டோம்," என்றார்.

எடுத்த பாயை நர்ஸ் கொண்டுவந்து கொடுத்தாள். சூடு ஆறவில்லை. பிழைத்தேன் என்று சென்னியப்பன் அழுதேவிட்டார். குருநாயகி அதை மடியில் வைத்துப் பிரித்தாள். உள்ளே இரண்டு தலையணைகள். ஒன்று பெரியது. மற்றது கைக்குழந்தைக்கு வைக்கிற அளவு. இரண்டின் உறைகளையும் உருவி, நல்ல துணி, வீட்டில் துவைத்துக்கொள்ளலாம் என்று பைக்குள் வைத்துக்கொண்டாள்.